பெரிய பம்பைக் காப்பாற்றும் சின்ன பம்ப்

டீசல் வண்டிக்கு எலெக்ட்ரிக் 'லிப்ட் பம்ப்' வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஓசூர் சாலையில் விடியற்காலையில் பஸ்ஸில் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

அத்திப்பள்ளியைத் தாண்டி, சாலை ஓரமாக ஒரு பழைய லாரி நிற்கும். என்ஜின் மூடி திறந்திருக்கும். டிரைவர் ஸ்பேனரும் கையுமாகக் குனிந்து நிற்பார். கிளீனர் பையன் என்ஜினின் பக்கவாட்டில் கையை விட்டு, குமிழ் போன்ற ஒன்றை 'டக், டக்' என்று அமுக்கிக்கொண்டிருப்பான்.

"இன்னும் அடிடா. நுரைதான் வருது."

"கை வலிக்குதுண்ணே."

"நுரை நின்னு டீசல் சுத்தமா வர்ற வரைக்கும் அடி. அப்புறம் டீ வாங்கித் தர்றேன்."

கொஞ்ச நேரத்தில் நுரை நிற்கும். டிரைவர் நட்டை முறுக்குவார். செல்ப் அடித்ததும் லாரி உறுமிக்கொண்டு கிளம்பும். "ஏர் பிடித்துவிட்டது" என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

அந்தக் குமிழுக்கு அடியில் இருப்பதுதான் 'பீட் பம்ப்'. டேங்கில் இருக்கும் டீசலை இழுத்து, பில்டர் வழியாகப் பெரிய பம்புக்குக் கொடுப்பது அதன் வேலை. அமெரிக்காவில் இதையே 'லிப்ட் பம்ப்' என்கிறார்கள். தூக்கிக் கொடுக்கும் பம்ப் என்று பொருள்.

பெரிய பம்ப் என்பது இன்ஜெக்‌ஷன் பம்ப். பட்டறையில் 'டீசல் பம்ப்' என்று சொன்னால் அதுதான். டீசலை பயங்கர அழுத்தத்தில் நாசிலுக்கு அனுப்புவது அது. விலையும் பயங்கரம்தான். அதனால் அதற்குக் கிடைக்கும் மரியாதையே தனி. தண்ணீர் சுமந்து கொடுக்கிறவளை யார் நினைக்கிறார்கள்? சமைத்தவளுக்குத்தான் பேர்!

ஆனால் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒரு வண்டியின் கதை இதைத் தெளிவாகச் சொல்கிறது.

டாட்ஜ் ராம்

டாட்ஜ் என்ற பெயர் நம் நாட்டுப் பழைய டிரைவர்களுக்குப் புதிதல்ல. பம்பாய் குர்லாவில் பிரிமியர் கம்பெனி டாட்ஜ், பார்கோ லாரிகளைத் தயாரித்தது. அமெரிக்காவில் இதே டாட்ஜ் பெயரில் வந்த 'ராம்' என்ற பிக்கப் வண்டியில், 1989-ம் ஆண்டு மாடல் முதல் கம்மின்ஸ் டீசல் என்ஜின் பொருத்தினார்கள். ஆறு சிலிண்டர். 5.9 லிட்டர்.

இந்த என்ஜின் நமக்கும் சொந்தக்காரன்தான். 1993-ல் தொடங்கப்பட்ட டாடா கம்மின்ஸ் நிறுவனம், ஜாம்ஷெட்பூரில் இதே வரிசை என்ஜினைத் தயாரித்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. 'கம்மின்ஸ் வண்டி' என்று நம் டிரைவர்கள் தனியாகப் பேர் வைத்து அழைக்கும் அளவுக்கு அது பெயர் எடுத்தது.

அங்கே பிக்கப் என்றால் காய்கறிக் கூடை ஏற்றும் சின்ன வண்டி அல்ல. குதிரை வண்டி, வைக்கோல் கட்டு, கட்டுமான இயந்திரம் என்று பல டன் எடையைப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுப்பார்கள். வண்டி நின்றால் அன்றைய பிழைப்பு நின்றது.

முதலில் வந்த ராம் வண்டிகளில் பீட் பம்ப், என்ஜினின் கேம் ஷாப்டால் இயங்கியது. என்ஜின் சுற்றினால் அதுவும் வேலை செய்யும். மின்சாரம் வேண்டாம்.

1998-ம் ஆண்டின் நடுவில் நிலைமை மாறியது. புகைக் கட்டுப்பாடு விதிகள் கடுமையாயின. 24 வால்வு என்ஜின் வந்தது. அதோடு 'வி.பி.44' என்ற பாஷ் கம்பெனியின் புதிய இன்ஜெக்‌ஷன் பம்ப் வந்தது. அதன் தலை மேலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கேம் ஷாப்டால் இயங்கிய பீட் பம்ப் போய், எலெக்ட்ரிக் பம்ப் வந்தது. 2002-ம் ஆண்டு மாடல் வரை இதே ஏற்பாடு.

வினை இங்கேதான் தொடங்கியது.

டீசலே தைலம், டீசலே தண்ணீர்

பழைய மாதிரி வரிசைப் பம்புக்கு என்ஜின் ஆயில் போகும். உள்ளே தேய்கிற பாகங்களுக்கு அந்த ஆயில் வழவழப்புத் தரும். வி.பி.44 அப்படி அல்ல. அது சுழல் வகை. அதற்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே போகும் டீசல்தான் அதற்கு எண்ணெய். அதே டீசல்தான் சூட்டைத் தணிக்கும் தண்ணீர். மேலே இருக்கும் கம்ப்யூட்டரின் சூட்டையும் டீசல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் எரிவதற்குத் தேவையான அளவு டீசல் மட்டும் வந்தால் போதாது. அதைப் போலப் பல மடங்கு வர வேண்டும். வந்ததில் பெரும் பகுதி சூட்டைச் சுமந்துகொண்டு திரும்ப டேங்குக்கே போய்விடும். அப்படித் திரும்பிப் போக ஒரு வால்வு உண்டு. சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 பவுண்டு அழுத்தம் வந்தால்தான் அது திறக்கும். (டயருக்குக் காற்று அடிக்கும்போது சொல்கிறோமே, அதே பவுண்டு.)

சின்ன பம்ப் தளர்ந்துபோனால் அழுத்தம் குறையும். வால்வு சரியாகத் திறக்காது. சூடு உள்ளேயே தங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், வண்டி நிற்காது! வி.பி.44-க்குத் தானே டீசலை உறிஞ்சும் சக்தியும் கொஞ்சம் உண்டு. சின்ன பம்ப் செத்துப்போன பிறகும் வண்டி கிளம்பும், ஓடும். ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். சில வாரமோ சில மாதமோ கழித்து ஒருநாள் இழுவை குறையும். பிறகு, பம்பின் நேரம் தவறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். அப்போது பெரிய பம்ப் முடிந்துபோயிருக்கும்.

நம் ஊர் லாரியில் பீட் பம்ப் கெட்டால் லாரி நின்று சொல்லிவிடும். அந்த வண்டி சொல்லாது.

வி.பி.44-ஐப் புதுப்பித்து வாங்கினாலும் ஆயிரம் டாலருக்கு மேல். மாற்றும் கூலி வேறு. சிலர் அந்தப் பணத்தைக் கொட்டிப் பெரிய பம்பை மாற்றிவிட்டு, செத்துப்போன சின்ன பம்பை அப்படியே விட்டுவிட்டார்கள். புதிய பம்பும் அதே வழியில் போனது. இரண்டாம் தடவையும் ஆயிரம் டாலர்.

ஏன் கெட்டது?

கம்பெனி கொடுத்த எலெக்ட்ரிக் பம்பை எங்கே வைத்தார்கள் தெரியுமா? என்ஜினின் மேலேயே, பக்கவாட்டில். டேங்கோ வெகு தூரத்தில், வண்டியின் நடுவில், தாழ்வாக இருக்கிறது.

எந்தப் பம்பும் தள்ளுவதில்தான் கெட்டி. இழுப்பதில் அவ்வளவு கெட்டி அல்ல. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் குடியானவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீருக்கு அருகில் மோட்டாரை இறக்கினால் நன்றாகத் தள்ளும். மேட்டில் வைத்தால் திணறும். இங்கே என்ஜின் சூட்டிலும் அதிர்விலும் பம்பை உட்காரவைத்து, தூரத்திலிருந்து இழுக்கச் சொன்னார்கள். பாவம், அது என்ன செய்யும்?

பின்னால் கம்பெனியே தன் பழுதுவேலையில் டேங்குக்குள் வைக்கும் பம்பைக் கொடுத்தது. 2003-ல் வி.பி.44 போய், 'காமன் ரெயில்' முறை வந்தது. அப்போதும் பம்ப் முதலில் பில்டர் அருகேதான் இருந்தது. 2005 மாடலில்தான் டேங்குக்குள் போனது.

இதற்குள் வெளிக் கம்பெனிகள் புகுந்துவிட்டன. 'பாஸ்', 'ஏர்டாக்', 'ராப்டர்' என்று பல பெயர்களில் எலெக்ட்ரிக் லிப்ட் பம்புகள் கடைக்கு வந்தன. எல்லாவற்றையும் டேங்குக்கு அருகே, சேஸிஸ் சட்டத்தில் பொருத்துகிறார்கள். எல்லாரும் தங்கள் பம்ப்தான் சிறந்தது என்கிறார்கள். வாங்குகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

அழுத்தம் எவ்வளவு?

முதல் கேள்வி இதுதான். கடைக்காரர் "எங்களிடம் பெரிய பம்ப் இருக்கிறது" என்று ஆரம்பிப்பார். பெரியது என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை.

வி.பி.44 வண்டிக்கு, மேட்டில் முழு லோடு இழுக்கும்போதும் 10 பவுண்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்குள்ள அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. சும்மா ஓடும்போது 15-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 20-ஐத் தாண்ட விடுவதில்லை.

1994 முதல் 1998 நடு வரை வந்த ராம் வண்டிகளின் கதை வேறு. அவற்றில் இருப்பது வரிசைப் பம்ப். அதற்கு அழுத்தம் இன்னும் கூடுதலாக, 25 பவுண்டுக்கு மேல் கொடுப்பார்கள். அதற்கும் முந்திய 1989-93 வண்டிகளில் உள்ள சின்ன சுழல் பம்புக்கு அவ்வளவு கொடுத்தால் ஆபத்து. அழுத்தம் அதிகமானால் அந்தப் பம்பின் முன்பக்க சீல் தள்ளிக்கொள்ளும். டீசல் போய் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் தானாக ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டால், என்ஜினுக்கே காலம் முடிந்தது.

ஒரே பெயர், ஒரே கம்பெனி, ஒரே 5.9 லிட்டர் என்ஜின். ஆனால் வருஷத்துக்கு வருஷம் வேறு அழுத்தம். அதனால்தான் நல்ல கம்பெனிகள் வண்டியின் வருஷத்தைக் கேட்டு, அதற்குத் தக்க ஸ்பிரிங் போட்ட பம்பைக் கொடுக்கின்றன. வருஷம் கேட்காமல் பம்பை எடுத்துக் கொடுக்கிற கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

அளவு எவ்வளவு?

பம்பின் பெட்டியில் '95', '100', '150', '165' என்று எண் போட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கேலன் தள்ளும் என்ற கணக்கு அது. அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர்.

235 குதிரைச் சக்தி உள்ள என்ஜின் முழு மூச்சில் இழுத்தாலும் மணிக்குச் சுமார் 50 லிட்டர்தான் எரிக்கும். 95 கேலன் பம்ப் 360 லிட்டர் தள்ளும். ஏழு மடங்கு! இதற்கு மேல் எதற்கு என்று தோன்றும்.

அப்படிக் கேட்பதும் முழுக்கச் சரியல்ல. பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் தடையே இல்லாமல் திறந்து விட்டால் வரும் அளவு. பில்டர், ஓஸ், வளைவு எல்லாவற்றையும் தாண்டி 15 பவுண்டு அழுத்தத்தில் எவ்வளவு வரும் என்பதுதான் உண்மையான அளவு. அது குறைவாகவே இருக்கும். அதில் எரிவது போக மீதிதான் பெரிய பம்பைக் குளிர வைக்க வேண்டும். அதனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தேவை என்பது நியாயமே.

கம்பெனி கொடுத்தபடி, சக்தியைக் கூட்டாமல் ஓட்டுகிற வண்டிக்கு 95 அல்லது 100 கேலன் பம்ப் தாராளம். பெரிய நாசில், பெரிய டர்போ போட்டுப் பந்தயம் விடுகிறவர்களுக்குத்தான் 150-ம், அதற்கு மேலும். வைக்கோல் ஏற்றுகிறவர் பந்தயக்காரருக்குச் செய்த பம்பை வாங்குவது, ரேஷன் அரிசி வாங்க லாரி பிடிக்கிற கதைதான். கரண்ட் கூடுதலாக இழுக்கும். சத்தமும் கூடுதல்.

காற்றும் நுரையும்

சில பம்புகளில் டீசலிலிருந்து காற்றைப் பிரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஏர்டாக் என்ற பெயரே இதைத்தான் குறிக்கிறது. டேங்கில் டீசல் குலுங்கும்போது நுரை உண்டாகும். அந்த நுரை பெரிய பம்புக்குள் போனால், அது போகிற இடத்தில் வழவழப்பு இல்லை. பிரித்த காற்றைக் கொஞ்சம் டீசலோடு சேர்த்துத் திரும்ப டேங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் திரும்பும் குழாயை டீசல் ஊற்றும் வாய்ப்பக்கத்தில் சேர்ப்பது வழக்கம். உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் கொட்டினால், வெளியேற்றிய நுரையே மறுபடியும் உள்ளே போகும்!

காற்று விஷயத்தில் இன்னொன்று. பம்புக்கும் டேங்குக்கும் இடையே ஓஸில் ஒரு மயிரிழை ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. மெக்கானிக் தேடித் தேடிக் களைத்துப்போவார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2001-ல் கொண்டுவந்த 'டூராமாக்ஸ்' டீசல் பிக்கப்புகளில் லிப்ட் பம்பே வைக்கவில்லை. பெரிய பம்ப் தானே டேங்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். வண்டி புதிதாக இருக்கும் வரை சரி. ஓஸ் பழசாகிக் காற்று இழுக்க ஆரம்பித்தால் தொல்லைதான். இல்லாத பம்பை வெளியில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அங்கே ஏராளம்.

கால் டேங்க் கண்டம்

பம்ப் நல்லது, அழுத்தம் சரி, அளவு சரி. ஆனாலும் டேங்கில் கால் பாகம் டீசல் இருக்கும்போது வண்டி திணறும். அமெரிக்காவில் பம்ப் மாற்றியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது.

காரணம் பம்ப் அல்ல. டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய். கம்பெனி வைத்த குழாய் குறுகல். பெரிய பம்புக்கு அது போதாது. அதனால் மேலே ஓட்டை போட்டுப் பெரிய குழாய் ஒன்றை இறக்குகிறார்கள். அதன் நீளத்தை அளந்து, டேங்கின் தரையை முட்டாமலும், மிக உயரத்தில் நிற்காமலும் வெட்ட வேண்டும். உயரமாக வெட்டிவிட்டால் டீசல் குறையும்போது மேட்டிலும் வளைவிலும் காற்றைக் குடிக்கும். தரையை ஒட்டி வெட்டினால் வாய் அடைபடும். ஒருமுறை வெட்டியதை மறுபடியும் ஒட்ட முடியாது. இந்த அரை மணி நேர வேலையில்தான் பம்பின் பேர் நிற்கிறது.

வேறு சிலர் டேங்கின் அடியிலேயே வட்டமாக ஓட்டை போட்டு, கிண்ணம் போன்ற ஒன்றை மாட்டி, அங்கிருந்து டீசலை எடுக்கிறார்கள். கடைசிச் சொட்டு வரை கிடைக்கும். ஆனால் தண்ணீரும் கசடும் முதலில் தங்குவதும் அங்கேதான். கல் தட்டினால் அடிபடுவதும் அதுதான். கரடுமுரடான வழியில் ஓட்டுகிறவருக்கு இது ஏற்றதல்ல. பில்டரோடு தண்ணீர் பிரிப்பானும் சேர்ந்த பம்பாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். அப்படி வாங்கும்போது, அந்த பில்டர் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

குழாய் விஷயத்தில் 'பேஞ்சோ போல்ட்' ஒன்றையும் சொல்ல வேண்டும். நடுவில் துளை போட்ட போல்ட். டீசல் அதற்குள் புகுந்து திரும்பிப் போக வேண்டும். 24 வால்வு ராம் வண்டியில் இப்படிச் சில போல்டுகள் உண்டு. அரை அங்குல ஓஸ் போட்டுவிட்டு இந்த போல்டுகளை விட்டுவைத்தால் பாட்டில் கழுத்து கதைதான். வாய் அகலம், கழுத்து குறுகல். இவற்றை எடுத்துவிட்டு நேர் யூனியன் போடுகிறார்கள்.

ஒயரிங்

பழைய சின்ன பம்புக்கு என்ஜின் கம்ப்யூட்டரே நேராகக் கரண்ட் கொடுத்தது. பெரிய மோட்டாரை அதே ஒயரில் இணைத்தால் கம்ப்யூட்டரின் அந்தப் பாகமே கருகிவிடலாம். ஆயிரம் டாலரை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பெரிய செலவு.

அதனால் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து, நடுவில் ரிலே வைக்க வேண்டும். பழைய ஒயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். இதில் உயிர் காக்கும் விஷயமும் இருக்கிறது. என்ஜின் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடும். சிலர் சோம்பல்பட்டுச் சாவியில் இருந்தே நேராகக் கரண்ட் கொடுக்கிறார்கள். விபத்தில் வண்டி கவிழ்ந்து ஓஸ் அறுந்தால், சாவி போட்டபடியே இருக்கும். பம்ப் நிற்காமல் டீசலைச் சூடான என்ஜின் மேல் பீய்ச்சும். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முள் சொல்லும் செய்தி

பம்ப் வாங்கக் காசு இல்லாதவர்கூட முதலில் வாங்க வேண்டியது ஒரு பிரஷர் மீட்டர்தான் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். அது பம்பைவிட எவ்வளவோ மலிவு.

மீட்டரைப் பில்டருக்கு முன்னால் இணைத்தால் பயன் இல்லை. பில்டர் அடைத்திருந்தாலும் முள் கம்பீரமாக நிற்கும். பெரிய பம்பின் வாயிலில் இணைக்க வேண்டும். அங்கே வந்து சேர்வதுதான் கணக்கு. டீசல் குழாயை நேராக டிரைவர் உட்காரும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மீட்டர் பின்னால் கசிந்தால் மடியில் டீசல்! நடுவில் ஒரு தடுப்புக் கருவி வைப்பார்கள், அல்லது ஒயர் மூலம் காட்டும் மீட்டரை மாட்டுவார்கள். பெரிய பம்பின் துடிப்பு மீட்டரை அடித்துக் கெடுத்துவிடும் என்பதால், இணைப்பில் சிறு துளை உள்ள திருகு ஒன்றும் வேண்டும்.

மீட்டர் மாட்டியவர்கள் மேடு ஏறும்போது முள்ளைப் பார்க்கிறார்கள். 14-ல் நின்ற முள் 9-க்கு இறங்கினால் அடுத்த ஊரில் பில்டரை மாற்றுகிறார்கள். மாற்றியும் ஏறவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்கிறார்கள்.

இதெல்லாம் ரயில்வேக்குப் பழைய சங்கதி. 1960-களில் வந்த ஆல்கோ டீசல் என்ஜினிலேயே டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்க எலெக்ட்ரிக் மோட்டாரால் இயங்கும் 'பூஸ்டர் பம்ப்' இருந்தது. 5,000 லிட்டர் டேங்க். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ அழுத்தம். டிரைவரின் கண் முன்னே அதற்கென்று ஒரு மீட்டர். டாட்ஜ் கம்பெனி அந்த ஒரு மீட்டரை வைத்துக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

ஜே.சி. ரோடுக்குப் போகுமுன்

பெங்களூர் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் எலெக்ட்ரிக் டீசல் பம்ப் வேண்டும் என்றால் பல விதமாக எடுத்துக் காட்டுவார்கள். பழைய ஜீப், டெம்போ வண்டிகளில் டயாப்ரம் கிழிந்த பீட் பம்புக்குப் பதிலாக இவற்றை மாட்டும் பழக்கமும் உண்டு. மேலே சொன்ன அமெரிக்க அனுபவம் இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும்?

முதலில் வோல்ட். ராம் வண்டி 12 வோல்ட். அதற்குச் செய்த பம்புகளும் 12 வோல்ட். நம் டாடா, லேலண்ட் பெரிய லாரிகள் 24 வோல்ட். தெரியாமல் மாட்டினால் மோட்டார் சிறிது நேரத்தில் கருகும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கி, கடைசியில் இரண்டும் கெடும்.

அடுத்து, பெட்ரோல் கார்களின் கார்புரேட்டருக்கு வந்த சின்ன எலெக்ட்ரிக் பம்ப். டீசலுக்கும் ஆகும் என்று தள்ளிவிடுவார்கள். அது கொடுக்கும் அழுத்தம் ஐந்து பவுண்டு போல. டீசல் என்று எழுதி, வோல்ட்டும் அழுத்தமும் குறித்திருக்கும் பம்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வரிசைப் பம்ப் உள்ள பழைய லாரிக்கு எலெக்ட்ரிக் பம்ப் தேவையே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். அதன் பீட் பம்ப் பெரிய பம்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் கேம் ஷாப்டாலேயே இயங்குகிறது. பெரிய பம்புக்கு வழவழப்பு என்ஜின் ஆயிலில் கிடைக்கிறது. அடிக்கடி ஏர் பிடிக்கிறது என்றால் செம்பு வாஷரை மாற்றி, ஓஸைப் பார்த்து, பீட் பம்பின் வால்வைப் பழுது பார்த்தால் போதும். சில நூறு ரூபாயில் முடியும். அதைச் செய்யாமல் எலெக்ட்ரிக் பம்பை நடுவில் புகுத்தினால் ஓட்டை அப்படியேதான் இருக்கும். இன்று காற்று இழுத்த ஓட்டை, பம்ப் தள்ளும் பக்கத்தில் இருந்தால் நாளைக்கு டீசலைக் கக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

காமன் ரெயில் வந்த புதிய லாரிகள் வேறு ஜாதி. அவற்றின் பெரிய பம்புக்கும் டீசல்தான் எண்ணெய். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குதான். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது. அதை ஈடுகட்ட எண்ணெய்க் கம்பெனிகள் மருந்து கலக்கின்றன. இந்த வண்டிகளில் கம்பெனி வைத்த ஏற்பாட்டில் வெளியார் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும். ஆனால் பில்டரைக் காலத்தில் மாற்றுவதையும், பில்டர் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்து விடுவதையும் யாரும் தடுக்கவில்லை. வழியில் டின்னில் விற்கும் டீசலை ஊற்றாமல் இருப்பதையும் யாரும் தடுக்கவில்லை.

இவ்வளவும் விசாரித்த பிறகும் பம்ப் வாங்கத்தான் வேண்டும் என்றால், வண்டியின் வருஷம், பெரிய பம்பின் எண், பேட்டரி வோல்ட், டேங்கின் உயரம் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. டேங்க் உயரத்தைக் கேட்டதும் கடைப் பையன் சிரிக்கலாம். உறிஞ்சு குழாயை வெட்டும்போது சிரிக்க மாட்டான்.